வாரிசும் இரத்தமும்

துப்பறியும் நாவலை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவது நமது விமர்சகர் பலரின் வழக்கம். அதனாலேயே அதன் கருத்தியல் வினாவுக்குட்படாது வாழ்கிறது.

ஜோசபின் ரே 1949இல் எழுதிய 'பிரற் ஃபரார்' நாவலை நோக்குவோம். எட்டாண்டுகளுக்கு முன் மறைந்த வாரிசு தானே எனக் கூறி, அநாதை இளைஞனொருவன் ஆங்கிலேய நிலவுடைமைக் குடும்பமொன்றினுள் நுழைகிறான். குதிரைகளைப் பழக்குவதில் அவன் வல்லவன். உண்மை வாரிசைக் கொன்றவனோ அவ்வாரிசின் இரட்டைச் சகோதரனே. தகுதி பிறப்பிலா, உழைப்பிலா என்ற வினா இங்கே எழுந்தே தீரவேண்டும். ஆனால் அவ்வநாதையும் அதே குடும்பத்தின் இரத்தமே என நாவல் இறுதியில் காட்டுகிறது. வினா புதைக்கப்படுகிறது, சொத்துக் காப்பாற்றப்படுகிறது.

வரலாறு இத்துணை இதமானதன்று. 1854இல் கடலில் மறைந்த ரோஜர் ரிச்போர்ண் தானே எனக் கூறி, 1866இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து வந்த இறைச்சிக் கடைக்காரருக்கு 1874இல் 14 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆயினும் உழைக்கும் மக்கள் பெருந்திரளாக அவர் பக்கம் நின்றனர். யமேக்காவில் அடிமையாகப் பிறந்து, ரிச்போர்ண் குடும்பத்துக்கு ஊழியஞ் செய்த அன்ட்று போகிள், அவரை ஆதரித்துத் தமது ஓய்வூதியத்தையே இழந்தார்.

அம்மக்கள் ஆளைப் பிழையாக இனங்கண்டிருக்கலாம். எளியவனுக்கும் செல்வனுக்கும் நீதி ஒன்றா என்ற அவர்களது ஐயம் பிழையன்று.

'இவன் உண்மை வாரிசா?' என்பதோடு துப்பறிவாளன் நின்றுவிடுகிறான். 'இத்தனை நிலம் ஒருவனுக்கே உரியதாவது எவ்வாறு?' என வினவுவது வாசகரின் கடன்.