மெட்-ஜட்ஜ் எதில் கையெழுத்து போட மாட்டார்?



இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. ஒரு விளையாட்டைப் பத்திப் பேசப் போறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாசிங்க, கடைசியில் நம்ம அரசு ஆஸ்பத்திரி காசுவாலிட்டிக்கே வந்து நிப்போம்.

ஹாஸ்டல் காலத்துப் பழக்கம் இது. நாங்க ஐந்து பேர். இப்போ ஆளுக்கொரு ஊரில் வேலை. மாசத்தில் ஒரு ஞாயிறு ராத்திரி வீடியோ காலில் கூடி டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் விளையாடுவோம். தெரியாதவங்களுக்காக: ஒருத்தர் கதையை நடத்துவார், அவர்தான் கேம் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்"னு நீங்க சொன்னா, அது உடையுமா இல்லையானு பகடை சொல்லும். அவ்வளவுதான்.

இந்தத் தடவை நாங்க எடுத்தது ஜட்ஜ் டிரெட் உலகம்.

ஜான் வாக்னர் எழுத, கார்லோஸ் எஸ்குவேரா வரைந்து உருவான பாத்திரம். 1977-ல் பிரிட்டனின் '2000 ஏடி' காமிக்ஸ் வார இதழில் முதலில் வந்தார். 1995-ல் ஸ்டாலோன், 2012-ல் கார்ல் அர்பன் நடிச்ச படங்களை டிவியில் நீங்களே பார்த்திருக்கலாம். 1985-ல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் இதை ரோல்பிளேயிங் விளையாட்டாக்கியது. பிறகு வேற நிறுவனங்களும் வேற விதிகளோட வெளியிட்டன.

கதைக்களம், அணுப்போருக்கு அப்புறமான அமெரிக்காவின் கிழக்குக் கரை. மெகா-சிட்டி ஒன் என்ற ராட்சச நகரம். அங்க வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது, அப்பீல் கிடையாது. ஒரே ஆள் பிடிப்பார், அங்கேயே தீர்ப்புச் சொல்வார், அங்கேயே தண்டனையும் கொடுப்பார். அவருக்குப் பேர்தான் ஜட்ஜ். சின்னக் குழந்தையா அகாடமியில் சேர்த்து 15 வருஷம் பழக்குவாங்க. அதிகாரம் ஒரே கையில் குவிஞ்சா என்ன ஆகும்னு காட்டுற நையாண்டி இது. சிரிச்சுக்கிட்டே வாசிப்போம், நடுவில் எங்கேயோ சிரிப்பு நின்னுடும்.

ரோட்டில் பைக்கில் சுத்துறவங்க ஸ்ட்ரீட் ஜட்ஜ். அதுபோக சிறப்புப் பிரிவுகள் உண்டு. காயம் பார்க்கிற மெட்-ஜட்ஜ். தடயம், இயந்திரம் பார்க்கிற டெக்-ஜட்ஜ். மனசைப் படிக்கிற சை-ஜட்ஜ். சாதாரண ஆள் வேஷத்தில் குற்றவாளிகளோட பழகித் தகவல் எடுக்கிற வாலி ஸ்க்வாட். ஜட்ஜுகளையே விசாரிக்கிற எஸ்ஜேஎஸ்.

பாத்திரம் உருவாக்கும்போது எல்லாரும் என்னையே பார்த்தாங்க. "நீதான் டாக்டர், மெட்-ஜட்ஜ் எடு."

எடுத்தேன். எப்படி உருவாக்கினேன் தெரியுமா? ஸ்ட்ரீட் ஜட்ஜை அப்படியே வெச்சு, துப்பாக்கித் திறமையில் கொஞ்சம் குறைச்சு, மருத்துவத்தில் கொஞ்சம் கூட்டி, கையில் ஒரு ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டி. பத்து நிமிஷத்தில் ஆள் ரெடி. முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்யறாங்க. இது தப்புனுதான் இந்த இழையே.

முதல் ஆட்டம். இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவில் துப்பாக்கிச் சண்டை. குண்டடி பட்ட சந்தேக நபர் ஒருத்தன் மயக்கத்தில் கிடக்கிறான். ஸ்ட்ரீட் ஜட்ஜா ஆடுற நண்பன் சொன்னான்: "மச்சி, ரெண்டு நிமிஷம் முழிக்க வை. தலைவன் பேரைச் சொன்னாப் போதும். அப்புறம் என்ன ஆனாலும் பரவாயில்லை."

நான் பகடையை உருட்டினேன். நல்ல எண் விழுந்தது. அவன் முழிச்சான், பேரைச் சொன்னான், செத்தான். எல்லாரும் கை தட்டினாங்க.

நான் தட்டலை. எனக்கு வேற ஒரு ராத்திரி ஞாபகம் வந்துடுச்சு.

அரசுப் பணியில் சேர்ந்த புதுசு. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரினு சொல்ல மாட்டேன். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். போலீஸ் மெமோவோட ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. ரிமாண்டுக்கு முன்னாடி மருத்துவப் பரிசோதனை. "டாக்டர், நார்மல்னு எழுதிக் குடுங்க, மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போகணும்." வெளியே விஷம் குடிச்ச கேஸ் ஒண்ணு காத்திருக்கு. நான் அந்தப் பையன்கிட்ட, ரெண்டு போலீஸ்காரங்க பக்கத்தில் நிக்கும்போதே, "எங்கேயாவது வலிக்குதாப்பா?"னு கேட்டேன். "இல்ல சார்"னான். பிபி பார்த்தேன், பல்ஸ் பார்த்தேன், எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சட்டையைக் கழட்டச் சொல்லவே இல்லை.

அவன் முதுகில் ஏதாவது இருந்ததா? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமலே போனதுக்குக் காரணம் நான்தான். ஒண்ணுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனா அதைப் பார்த்துச் சொல்லத்தான் அரசு எனக்குச் சம்பளம் கொடுக்குது.

சரி, விளையாட்டுக்கு வருவோம்.

என் கருத்து இதுதான். சிறப்பு ஜட்ஜ் பாத்திரம் உருவாக்கும்போது அவரால் என்ன செய்ய முடியும்னு எழுதுறதுக்கு முன்னாடி, எதைச் செய்ய மாட்டார்னு எழுதுங்க. அவர் படிச்ச தொழில் ஒரு பக்கம் இழுக்கணும், போட்டிருக்கிற யூனிஃபார்ம் இன்னொரு பக்கம் இழுக்கணும். அந்த இழுபறி இல்லைனா அவர் பேட்ஜ் மாத்திப் போட்ட ஸ்ட்ரீட் ஜட்ஜ்தான்.

மூணு கேள்வி கேளுங்க. இவருக்கு மட்டும் தெரியிற விஷயம் என்ன? இவருக்கு ஆர்டர் போடறது யார்? எந்தத் தாளில் இவர் கையெழுத்துப் போட மாட்டார்?

மெட்-ஜட்ஜை எடுங்க. முன்னாடி கிடக்கிறவன் அவருக்கு நோயாளியும்தான், குற்றவாளியும்தான். காப்பாத்தின கையோட தண்டனையும் கொடுக்கணும். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் சாகக் கிடக்கிறாங்க, ஒருத்தர் ஜட்ஜ், இன்னொருத்தன் திருடன். திருடனுக்குத்தான் முதல்ல பார்த்தாகணும்ங்கிற நிலைமை. பக்கத்தில் சீனியர் ஜட்ஜ் நிக்கிறார். இதைவிட நல்ல காட்சி துப்பாக்கிச் சண்டையில் கிடைக்காது.

சை-ஜட்ஜுக்கு 2012 படமே பாடம். அதில் வர்ற ஆண்டர்சன், தேர்வில் நூலிழையில் தோற்ற பொண்ணு. மனசைப் படிக்கிற சக்தி இருக்கிறதால இன்னொரு வாய்ப்பு கிடைக்குது. ரவுடிக் கும்பலுக்காக கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒருத்தன் கையில் சிக்குறான். சட்டப்படி அவன் குற்றவாளி. ஆனா அவன் மனசைப் படிச்சதில், அவனே அந்தக் கும்பல்கிட்ட சித்திரவதைப்பட்டவன்னு ஆண்டர்சனுக்குத் தெரியுது. போகச் சொல்லி விட்டுடறா. டிரெட்டுக்குத் தெரியாத விஷயம் இவளுக்குத் தெரிஞ்சதால் தீர்ப்பே மாறுது. சிறப்புப் பிரிவுன்னா இதுதான் சிறப்பு.

டெக்-ஜட்ஜ் தன் கண்ணால் பார்த்த தடயமும், மேலதிகாரி ஏற்கனவே சொல்லிட்ட தீர்ப்பும் ஒத்துப் போகலைனா? வாலி ஸ்க்வாட் ஆள் ரெண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட கூட்டத்தைக் காட்டிக் கொடுக்கணும்னா? கதை தானா நடக்கும்.

எஸ்ஜேஎஸ் இன்னும் சிக்கல். ஜட்ஜுகளைக் கண்காணிக்கிறது இவங்க வேலை. இவங்களை யார் கண்காணிக்கிறது? காமிக்ஸிலேயே பதில் இருக்கு. எஸ்ஜேஎஸ் தலைமையில் இருந்து வந்த கேல் என்பவர் தலைமை ஜட்ஜ் ஆனதும், ரோம் மன்னன் கலிகுலா மாதிரி பைத்தியக்கார ஆட்சி நடத்துறார். ஒரு தங்கமீனைத் துணைத் தலைமை ஜட்ஜா நியமிக்கிறார். மொத்த நகரத்துக்கும் மரண தண்டனை விதிக்கிறார். சிரிப்பா இருக்கா? "முடியாது"னு சொல்ல ஆளில்லாத ஆபீஸில் இதுக்குச் சின்ன அளவில் நடக்கிறதை நாம எல்லாரும் பார்த்திருக்கோம்.

கேம் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது "என் பாத்திரம் இதைச் செய்யாது"னு சொன்னா, ஆட்டத்தைக் கெடுக்கிறான்னு முறைக்காதீங்க. அதே சமயம் சும்மாவும் விட்டுடாதீங்க. மறுப்புக்கு ஒரு விலை வைங்க. டிரான்ஸ்ஃபர், விசாரணை, கூட இருந்தவனின் கோபம், ஏதோ ஒண்ணு. விலையே இல்லாத மறுப்பில் சுவாரசியம் இல்லை. அதே மாதிரி, விலையைக் கொடுத்தவருக்கு ஏதாவது ஒண்ணு திரும்பக் கிடைக்கணும். உயிர் பிழைச்ச ஒருத்தன் நாலு ஆட்டம் கழிச்சு உதவிக்கு வரட்டும்.

"ஜாலியா விளையாட வந்த இடத்திலும் கிளாஸ் எடுக்கறீங்களே டாக்டர்"னு கமெண்ட் வரும். தெரியும். நியாயமான கேள்விதான். வாரம் முழுக்க ஓபி பார்த்துட்டு வர்றவனுக்குச் சுட்டுத் தள்ளுற ஆட்டமும் வேணும், நானும் ஆடியிருக்கேன். ஆனா ரெண்டாவது ஆட்டத்தில் என்ன நடந்ததுனு கேளுங்க. என் மெட்-ஜட்ஜின் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: "விசாரணைக்காக மட்டும் யாரையும் முழிக்க வைக்க மாட்டார்." அதே மாதிரி நிலைமை வந்தது. மறுத்தேன். நண்பன் நிஜமாவே கோபப்பட்டான். அரை மணி நேரம் வாக்குவாதம், ஒரு தடவைகூட பகடை உருளலை. ஆட்டம் முடிஞ்சதும் அவனே சொன்னான், இத்தனை வருஷத்தில் இதுதான் பெஸ்ட் ஆட்டம்னு.

இப்போ காசுவாலிட்டிக்கு வருவோம்.

1975-ல், அதாவது டிரெட் பிறக்கிறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, உலக மருத்துவச் சங்கம் டோக்கியோ பிரகடனத்தை வெளியிட்டது. சித்திரவதைக்கு மருத்துவர் துணை போகக் கூடாது, யார் சொன்னாலும் சரி, அந்த மனிதர் என்ன குற்றம் செய்திருந்தாலும் சரி. மெட்-ஜட்ஜின் தாளில் எழுத வேண்டிய வரி எங்களுக்கு முன்னாடியே எழுதப்பட்டிருக்கு. நாங்க வாசிக்கணும், அவ்வளவுதான்.

நம்ம சட்டத்திலும் இடம் இருக்கு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 53-வது பிரிவு, கைது செய்யப்பட்டவரை மருத்துவ அலுவலர் பரிசோதிச்சு, காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் பதிவு செய்யணும்னு சொல்லுது. அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்கிற நபருக்கோ கிடைக்கணும். பெண்ணாக இருந்தால் பெண் மருத்துவர் பார்க்கணும், அல்லது அவர் மேற்பார்வையில் நடக்கணும். பழைய சட்டத்திலும் இது இருந்ததுதான். இதைத் தெரிஞ்சு வைங்க, நாளைக்கு உங்க வீட்டுப் பிள்ளைக்கே தேவைப்படலாம். வலிக்கிற இடத்தை டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க.

நான் இப்போ என்ன செய்யறேன்? போலீஸாரை மரியாதையா நாலடி தள்ளி நிக்கச் சொல்றேன். அவங்களும் தூக்கமில்லாமல் வேலை பார்க்கிறவங்கதான், பெரும்பாலும் நின்னுடறாங்க. சட்டையைக் கழட்டச் சொல்றேன். பார்த்ததை எழுதறேன். பார்க்காததை எழுத மாட்டேன். ஐந்து நிமிஷம் கூட ஆகும். சில நாள் முணுமுணுப்பு கேட்கும். கேட்டுக்கறேன்.

நீங்க உருவாக்கப் போற ஜட்ஜுக்கும் அப்படி ஒரு வரி கொடுங்க. துப்பாக்கி எல்லாருக்கும் கிடைக்கும், "மாட்டேன்" என்ற அந்த ஒரு வரியை நீங்கதான் எழுதணும்.

நைட் டூட்டி இருக்கு, கிளம்பறேன்.