கன்றின் கழிச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும்

கன்றுக்குக் கழிச்சல் என்றால் கால்நடை மருத்துவர்; குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் குழந்தை மருத்துவர். இரண்டுக்கும் காரணமாகக்கூடிய ரோட்டா வைரஸ் இந்தப் பிரிவினையை மதிப்பதில்லை.

1980களில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் 116இ என்ற ரோட்டா வைரஸ் கண்டறியப்பட்டது. அதன் 11 மரபணுத் துண்டுகளில் ஒன்று மாட்டு வைரஸிலிருந்து வந்தது. மனித வைரஸும் மாட்டு வைரஸும் ஒரே செல்லுக்குள் புகுந்தால் துண்டுகள் இப்படி இடம் மாறிக்கொள்ளும். அக்குழந்தைகளுக்கு 116இ நோய் தரவில்லை. அதிலிருந்து உருவான 'ரோட்டாவாக்' சொட்டு மருந்து 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.

எல்லாக் கலப்பும் இப்படி நன்மையாக முடிவதில்லை. வேலூரில் பச்சிளங் குழந்தைகளிடம் காணப்பட்ட ஜி10பி11 வகையிலும் மாட்டு வைரஸின் கூறுகள் இருந்தன. அது பல குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறைத் தந்தது.

சொட்டு மருந்து வந்துவிட்டது என்று அரசுகள் ஓய்ந்துவிடக் கூடாது. தொழுவத்தில் எடுக்கும் மாதிரியும் மருத்துவமனையில் எடுக்கும் மாதிரியும் ஒரே ஆய்வகத்தில் ஒப்பிடப்பட வேண்டும். முடிவுகளைக் கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் உடனுக்குடன் பகிர வேண்டும். சாணம் அள்ளிய கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும் என்பதைக் கிராமச் செவிலியரோடு கால்நடை ஆய்வாளரும் வீடு வீடாகச் சொல்லலாம்.