தண்ணியில பெற்றோல் மிச்சமா? முதல்ல கணக்கைக் காட்டுங்கோ

2022 ஜூன் கடைசியில 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபா. காசு இருந்தாலும் செட்டில பெற்றோல் இல்லை. ஓகஸ்டில கியூஆர் முறை வந்த பிறகும் காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர், ஓட்டோவுக்கு 5 லீட்டர்தான். வெள்ளவத்தையில இருக்கிற எங்கட மாமா அந்த நேரத்திலதான் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கராஜில காருக்கு 'எச்எச்ஓ கிட்' பூட்டினார்.

கிட் எண்டால் பெரிசா ஒண்டுமில்லை. ஒரு போத்தல், உள்ளுக்குள்ள ஸ்டீல் தகடுகள், பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைச்ச தண்ணி. பற்றரியிலிருந்து மின் போகும், தண்ணி ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியும், அந்த வாயு ஒரு குழாய் வழியா என்ஜினுக்குள்ள போகும். நாங்கள் ஓ.எல்.லில படிச்ச அதே மின்பகுப்புத்தான்.

நான் அப்ப ஏ.எல். மெட்ஸ் படிச்சுக்கொண்டிருந்தன். கணக்கு உதைக்குது எண்டு விளங்கினது. ஆனா மாமாவின்ர முகத்தில இருந்த சந்தோசத்தைப் பார்த்துப்போட்டு வாயை மூடிக்கொண்டு டோர்ச் பிடிச்சன். அண்டைக்குச் சொல்லாததை இப்ப சொல்லுறன்.

பற்றரிக்கு மின் எங்கயிருந்து வருது? ஒல்டனேற்றரிலிருந்து. ஒல்டனேற்றரைச் சுத்துறது என்ஜின், என்ஜினை ஓட்டுறது பெற்றோல். அண்ணளவா ஒரு கணக்குப் போடுவம். பெற்றோலின்ர சக்தி 100 எண்டால், என்ஜின் சுழற்சியா மாத்துறது ஒரு 25. அந்த 25ஐயும் ஒல்டனேற்றருக்குக் குடுத்தா மின்னா வாறது 15. போத்தலில வாயுவா மாறுறது 9. அதைத் திரும்ப என்ஜினில எரிச்சா கிடைக்கிறது 2. இருபத்தஞ்சைக் குடுத்து ரெண்டை வாங்குற வியாபாரம் இது. எவ்வளவு நல்ல கிட் செய்தாலும் குடுத்ததை விடக் கூட வராது.

'ஐதரசன் பெற்றோலை நல்லா எரிய வைக்கும்' எண்டு சொல்லுவினம். ஆய்வுகூடத்தில சிலிண்டரிலிருந்து போதிய அளவு ஐதரசன் குடுத்தால் அது ஓரளவு உண்மை. ஆனா இந்தப் போத்தல் நிமிசத்துக்கு ஒரு லீட்டர் அளவு வாயுதான் தரும். ஓடுற கார் என்ஜின் அதே நிமிசத்தில நூற்றுக்கணக்கான லீட்டர் காத்தை இழுக்கும்.

அப்ப மாமாவுக்கு மிச்சம் பிடிச்சதே? பிடிச்சதுதான். கிட் பூட்டின அண்டைக்கே பிளக் மாத்தி, எயர் ஃபில்டர் மாத்தி, ரயருக்குக் காத்தும் அடிச்சாச்சு. பிறகு மாமா மீற்றரைப் பார்த்துப் பார்த்து மெதுவா ஓடினார். மிச்சம் பிடிச்சது அவரின்ர கால், பேர் வாங்கினது போத்தல்.

இது புதுக்கதையும் இல்லை. தண்ணியில கார் ஓட்டுறன் எண்ட அமெரிக்கர் ஸ்ரான்லி மெயர்மேல முதலீட்டாளர்கள் வழக்குப் போட, 1996இல ஒஹாயோ நீதிமன்றம் அது மோசடி எண்டு சொல்லிக் காசைத் திருப்பிக் குடுக்க வைச்சது. அதே 1996இல தமிழ்நாட்டில ராமர் பிள்ளையின்ர மூலிகைப் பெற்றோல் பரபரப்பா ஓடினது.

காசு போறது மட்டும் பிரச்சினை இல்லை. போத்தலுக்குள்ள ஐதரசனும் ஒட்சிசனும் ஏற்கனவே கலந்து நிக்குது. என்ஜின் பக்கமிருந்து ஒரு பொறி திரும்பினால் போத்தல் வெடிக்கும். உள்ள இருக்கிற காரத் தண்ணி கண்ணில பட்டால் பார்வையே போகலாம்.

இதை வாங்கினவையைப் பார்த்துச் சிரிக்கிறவையோட எனக்கு உடன்பாடில்லை. கிழமைக்கு 5 லீட்டரில குடும்பம் நடத்தச் சொன்னா மனுசன் எதையும் நம்பிப் பார்ப்பான். பிழை, அந்தத் தவிப்பை விலைக்கு வித்தவையிலயும், தெரிஞ்சும் பேசாமல் நிண்ட என்னை மாதிரி ஆக்களிலயும்தான்.

இனி உங்கட வீட்டில ஆராவது கிட் பூட்டப் போறன் எண்டால் சண்டை பிடிக்காதேங்கோ. ரெண்டு வேலை செய்யச் சொல்லுங்கோ. முதல்ல ரயர், பிளக், ஃபில்டர் மூண்டையும் சரிபாருங்கோ. பிறகு ராங்க் நிரப்பி, ஓடின கிலோமீற்றரை ஒரு மாசம் கொப்பியில எழுதுங்கோ. அதுக்குப் பிறகும் கிட் வேணுமெண்டால், 'பூட்டி ஒரு மாசம் ஓடிப் பார்க்கிறன், கொப்பியில மிச்சம் தெரிஞ்சால் காசு தாறன்' எண்டு கராஜ்காரரிட்ட சொல்லட்டும். அவர் என்ன பதில் சொல்லுறார் எண்டு பாருங்கோ.