ஜெயித்தவர் பேர் என்ன சார்?

திண்டிவனம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 'வண்டி பத்து நிமிஷம் நிக்கும்' என்ற கண்டக்டர் குரலும், அந்த அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்த டீயும்தானே? விழுப்புரம் என்றால் நடுராத்திரி ஜங்ஷன். மேல் பர்த்தில் இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, 'எந்த ஊர் சார்?' என்று கேட்டுவிட்டு மறுபடி குறட்டை விடும். இந்த இரண்டையும் நாம் இறங்க வேண்டிய ஊராகவே மதித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கித்தான் பாருங்களேன். திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் பிடித்தால் 28 கிலோமீட்டரில் செஞ்சி. விழுப்புரத்தில் இருந்தும் பஸ் உண்டு. மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியர் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான்.

நானும் ஒரு நண்பனும் போயிருந்தோம். நண்பன் பாங்க் கிளார்க். டிக்கெட் கவுன்ட்டரில் மீதிச் சில்லறையை இரண்டு தரம் எண்ணிப் பார்க்கிற ஜாதி. கூட்டம் மொத்தமும் ராஜகிரி மேல் ஏறுவதிலேயே குறியாக இருந்தது. மலையடிவாரத்தில் இருக்கும் பழைய பள்ளிவாசல் பக்கம் யாரும் திரும்பவில்லை. நண்பனும் தாண்டப் பார்த்தான்.

"நம்ம தேசிங்கு ராஜாவை ஜெயிச்சவன் கட்டினதுடா. அங்க நமக்கு என்ன வேலை?"

"ஜெயிச்சவர் பேர் என்ன?"

முழித்தான். நீங்களும் முழிப்பீர்கள். பேர் சாதத்துல்லா கான். ஆற்காடு நவாப். செஞ்சியைப் பிடித்த ஞாபகார்த்தமாக 1717-18ல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வளைவுகளுக்குக் கீழே நல்ல நிழல். சுவரில் பாரசீகக் கல்வெட்டு. வெளியே குரங்குகள் யாருடைய பிஸ்கெட் பாக்கெட்டையோ பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

சண்டை எதற்கு வந்தது தெரியுமோ? பி.காம். படித்தவர்களுக்கு உடனே புரியும். அரியர்ஸ்! தேசிங்கின் அப்பா சொரூப் சிங், அவுரங்கசீப் காலத்தில் செஞ்சிக்கு நியமிக்கப்பட்ட புந்தேலா ராஜபுத்திரர். தேஜ் சிங் என்ற பேர்தான் தமிழ் நாக்கில் தேசிங்கு ஆயிற்று. ஆக, 'நம்ம' ராஜாவும் வடக்கத்திக்காரர்தான்! 1714ல் அப்பா இறந்ததும் மகன் பொறுப்பேற்றார். 'கப்பம் பாக்கி நிற்கிறது, எடு பணத்தை' என்றார் நவாப். 'பாதுஷா கொடுத்த கோட்டை, உனக்கு எதுக்குத் தரணும்?' என்றார் பையன். சுத்தமான அக்கவுண்ட்ஸ் தகராறு. சாமி விவகாரமே கிடையாது.

சந்தேகம் இருந்தால் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பாருங்கள். தேசிங்கின் பக்கத்தில் நின்று போரிட்டு உயிரை விட்ட உயிர்த் தோழர் மகபத்கான். கல்யாணப் பந்தலில் இருந்தே எழுந்து வந்துவிட்டார் என்கிறது நாட்டுப்புறக் கதை. நவாப்பின் அதிகாரிகளில் ஒருவர் லாலா தோடர்மால். மொகலாயப் படைக்குப் பயந்து உடையார்பாளையத்தில் ஒளித்து வைத்திருந்த காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள், 1710ல் ஊர் திரும்பக் கைகொடுத்தவர். காஞ்சிக் கோயில் கல்வெட்டே அதைச் சொல்கிறது.

1714 அக்டோபர் 3. வராக நதியில் வெள்ளம். ஆயிரக்கணக்கான நவாப் படைக்கு எதிரே சில நூறு பேரோடு பாய்ந்தார் தேசிங்கு. வயது 22. அந்த வயதில் நாமெல்லாம் அப்ளிகேஷனுக்கு அட்டெஸ்டேஷன் வாங்க அலைந்துகொண்டிருந்தோம். அன்றைக்கே கதை முடிந்தது. நவாப் ஜெயித்தார்.

ஆனால் ஜெயித்தவர் கல்லில் எழுதியதைப் படிக்க இன்றைக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. தோற்ற பையனைத் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் ஊர் பாடித் தீர்த்தது. 1960ல் எம்.ஜி.ஆரே தேசிங்காக வந்துவிட்டார். அந்தப் பாட்டுக்காரர்கள் மகபத்கானை மறக்கவில்லை பாருங்கள், அதுதான் விசேஷம். ராஜாவோடு சேர்த்தே பாடினார்கள். மதம் பார்த்துப் பிரிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. நாம்தான் புதுசாகக் கற்றுக்கொண்டு, ஒரு பள்ளிவாசல் வாசலில் நின்று 'நம்ம பக்கமா, அவங்க பக்கமா' என்று கணக்குப் போடுகிறோம்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். தண்ணீர் பாட்டிலை குரங்கு கண்ணில் காட்டாதீர்கள். மலை ஏறும் முன் அந்த நிழலில் கொஞ்சம் உட்காருங்கள்.

நண்பன் அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்லை. மனசு கரைந்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் சும்மா இருந்தேன். பஸ் கிளம்பிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அந்தக் கப்பப் பாக்கிக்கு நவாப் வட்டி எவ்ளோ போட்டிருப்பார்டா?"