உழக்கும் மிஞ்சா உழவு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. ஏர் பிடித்தவனைப் பற்றி எழுந்த அம்மொழி, இன்று எழுதுகோல் பிடித்தவனுக்கும், இசை அமைப்பவனுக்கும், படம் எடுப்பவனுக்கும் பொருந்தி நிற்கின்றது. குமுக வலைத்தளம் என்னும் பெருநிலத்தில் இரவும் பகலும் உழுது விதைப்போர் படைப்பாளர். களத்து மேட்டில் மரக்கால் பிடித்து அளப்போர் வேறொருவர். அம்மரக்கால் எத்துணைக் கொள்ளும் என்பதும் உழுதவனுக்குத் தெரியாது. அதனை என்று மாற்றுவர் என்பதும் தெரியாது.

"விலையின்றி இடம் தந்தோம், விரும்பினால் இரு, வெறுத்தால் போ" என்பது தள உடைமையாளரின் வாய்பாடு. கேட்பதற்கு நயமாகத்தான் உள்ளது. ஆயின், போகின்றவன் எதை எடுத்துக்கொண்டு போவது? பத்தாண்டு எழுதியதை ஒருவாறு படியெடுத்துக் கொள்ளலாம். அவ்வெழுத்தை நாடி வந்து சேர்ந்த பல்லாயிரவர் தொடர்பை எடுத்துச் செல்ல ஒல்லுமா? ஒல்லாது. மரம் நட்டவன் வெளியேறலாம். மரமும் நிழலும் எமக்கே என்பதுதான் அவ்வாய்பாட்டின் உட்பொருள்.

நடந்தவற்றைப் பார்க்க. இசைவாணர் பலர்க்கு ஒரு காலத்தில் தாய்வீடாய் இருந்தது மைசுபேசு என்னும் தளம். 2003 முதல் 2015 வரை அங்கு ஏற்றப்பட்ட பாடல்கள், கோப்புகளை இடம் மாற்றுகையில் அழிந்து போயின என்பது 2019-இல் வெளிப்பட்டது. அழிந்தவை ஐந்து கோடிப் பாடல்கள் வரை இருக்கும் என மதிப்பிட்டனர். ஆறு நொடிப் படங்களுக்கென 2013-இல் தொடங்கப்பட்ட வைன், இளைஞர் பலரைப் புகழேணியில் ஏற்றியது. 2016 அக்தோபரில் மூடுவதாக அறிவித்து, 2017 சனவரியில் கதவடைத்தது. ஏணியை எடுத்தவன், மேலே நின்றவனைக் கேட்டு எடுக்கவில்லை.

யூடியூப் 2018-இல் புதுக்கட்டளை ஒன்றை இட்டது: பின்தொடர்வோர் ஆயிரவரும், ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் இல்லாதவர்க்கு விளம்பர வருவாயில் பங்கில்லை. அதற்கு முன்வரை பங்கு பெற்றுவந்த சிறுபடைப்பாளர் பலர் ஒரே அறிவிப்பில் வெறுங்கையர் ஆயினர். பங்கு பெறுவோர்க்கும் நெடிய படங்களின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடே உரித்து. இக்கணக்கை வகுத்தபோது படைப்பாளர்க்கு ஓர் ஒப்போலையேனும் இருந்ததா? இல்லை. அறிவிப்பைப் படித்துக் கொள்ளும் உரிமை ஒன்றே இருந்தது.

2022 அக்தோபரில் துவிட்டர் 4,400 கோடி தாலருக்கு விலைபோயிற்று. விலைபோனது எது? கட்டடமா? கணிப்பொறிகளா? அவற்றுக்கு அவ்விலை உண்டோ? எழுதியோர் எழுத்தும், படித்தோர் கூட்டமும், இவ்விரண்டையும் பிணைத்த பழக்கமுமே விலைபோயின. பங்கு வைத்திருந்தோர் பணம் பெற்றனர். எழுத்தால் அத்தளத்தை நிரப்பியோர், எழுதியதன் பொருட்டு ஒரு காசும் பெற்றிலர். நிலத்தை விற்கையில் குடிகளையும் சேர்த்து விற்ற பழைய பண்ணைமுறைக்கும் இதற்கும் வேறுபாடு யாது? அவ்வாண்டு திசம்பரில், வேறு சில தளங்களுக்கு வழிகாட்டும் இணைப்புகளையே அங்குத் தடை செய்தனர். எதிர்ப்பு எழவே தடையை மீட்டுக் கொண்டனர். குடி ஓடிவிடும் என்று அஞ்சும் ஆண்டையே வேலி கட்டுவான்!

உடைமையாளர் மட்டுமல்லர், அரசும் பூட்டலாம். ஒரே வாயில் உள்ள கோட்டைக்கு ஒரு பூட்டே போதும். 2020 சூன் 29-இல் இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அத்தடையின் நன்மை தீமை தனித்து ஆராயத் தக்கது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆடியும் பாடியும் நடித்தும் தமக்கெனச் சுவைஞரைத் திரட்டியிருந்த எளியோர், அக்கூட்டம் முழுவதையும் ஒருங்கே இழந்து நின்றனர் என்பதே இங்குக் கருதத் தக்கது.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. வெறுங்கனவாக அன்று, நடைமுறையிலேயே உண்டு. மின்னஞ்சலை எண்ணிப் பார்க்க. ஒருவர் ஒரு நிறுவனத்தில் முகவரி வைத்திருக்கின்றார். மற்றொருவர் வேறொன்றில் வைத்திருக்கின்றார். எனினும் மடல் போகின்றது, வருகின்றது. ஏன்? மடல் செல்லும் நெறிமுறை எவர்க்கும் தனியுடைமை அன்று, அனைவர்க்கும் பொது. செருமனியில் ஒய்கேன் உரோச்சுகோ என்னும் இளைஞர் 2016-இல் வெளியிட்ட மாசுட்டோடான், குமுக வலைக்கும் அப்பொதுமையைக் கொணர்ந்தது. அதன் நிரல் எவரும் எடுத்தாளத் தக்கது. ஓர் ஊர்மன்றமோ, நூறு எழுத்தாளர் கூடிய கழகமோ தமக்கென ஒரு வழங்கியை நிறுவிக் கொள்ளலாம். அதில் இருப்பவர் பிற வழங்கிகளில் இருப்பவரையும் பின்தொடரலாம். இவ்வழங்கிகள் தம்முள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறை, 2018 சனவரியில் உலக அளவில் வலைத்தரங்களை வகுக்கும் அமைப்பின் ஏற்பைப் பெற்றது. வழங்கித் தலைவர் முறைதவறினால், பின்தொடர்வோரை உடன் அழைத்துக்கொண்டு மற்றொரு வழங்கிக்குக் குடிபெயரலாம். பழைய பதிவுகள் உடன் வாரா என்பது அதன் குறை. அதனை மறைத்தல் வேண்டா. எனினும் கதவு திறந்திருக்கின்றது. கதவு திறந்துள்ள வீட்டில் ஆண்டையின் குரல் தானே தாழும்.

ஆயின் இத்தெருவில் ஒரு பொய்க்கடையும் திறந்திருக்கின்றது. 'பரவலாக்கம்' என்று பலகையில் எழுதிவைத்து மின்காசு விற்கும் கடை அது. அதில் ஏமாறுவோர்க்குச் சுட்டீமிட்டின் வரலாறு பாடமாகட்டும். எழுதுவோர்க்கும் நல்லெழுத்தைத் தேர்வோர்க்கும் மின்காசு வழங்குவதாகச் சொல்லி 2016-இல் தொடங்கப்பட்டது அத்தளம். அதன் கணக்கேடு ஒரே இடத்தில் இல்லை. பலர் கணிப்பொறிகளில் பரவிக் கிடந்தது. ஏடு பரவியிருந்தது, மெய், காசு பரவியிருக்கவில்லை. தொடக்கத்திலேயே பெருங்குவியல் நிறுவனத்தின் கையில் தங்கிவிட்டது. 2020 பிப்பிரவரியில் அந்நிறுவனத்தைச் சசுட்டின் சன் என்னும் மின்காசு வணிகர் வாங்கினார். குவியலைக் கொண்டு ஆட்சியைப் பிடித்துவிடுவார் என அஞ்சிய குடிகள் அதனை முடக்கினர். மார்ச்சுத் தொடக்கத்தில், மின்காசு மாற்றகங்கள் மூன்றில் மக்கள் நம்பி ஒப்படைத்திருந்த காசுகளே ஒப்போலைகளாக வீசப்பட்டன. குடிகள் தேர்ந்த மேற்பார்வையர் தூக்கி எறியப்பட்டனர். ஆளுக்கு ஓர் ஒப்போலை என்பது குடியாட்சி. காசுக்கு ஓர் ஒப்போலை என்பது ஏலம். ஏலத்தில் உழுதவன் என்றேனும் வென்றதுண்டா?

எனினும் அக்குடிகள் அழுது ஓயவில்லை. நிரல் பொது, ஏடு பொது. இரண்டையும் படியெடுத்து, நிறுவனக் குவியலை நீக்கிவிட்டு, அம்மாதம் 20-ஆம் நாளே 'ஐவ்' என்னும் புதிய தேன்கூட்டை எழுப்பிக்கொண்டு பலர் வெளியேறினர். காசாட்சி அவர்களை வீழ்த்தியது. திறந்த கதவு அவர்களைக் காத்தது. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

அவ்வாறாயின் ஆளுக்கு ஓர் ஒப்போலை எங்கேனும் நடந்ததா? நடந்தது. கனடாவில் 2000-இல் புரூசு இலிவிங்சுடன் ஐசுடாக்போட்டோ என்னும் ஒளிப்படத் தளத்தைத் தொடங்கினார். 2006-இல் கெட்டி நிறுவனம் அதனை ஐந்து கோடி தாலருக்கு வாங்கிற்று. 2010-இல் அறிவித்த புதுக்கணக்கில், தம் படங்களைப் பிற இடங்களிலும் விற்போர்க்கு 15 முதல் 20 விழுக்காடே பங்கு என்றாயிற்று. நூறு உருவா விற்றால் எண்பதுக்குக் குறையாமல் அளப்பவனுக்கு! அதே இலிவிங்சுடன் 2013-இல் தோழர்களுடன் கூடி இசுட்டாக்சி என்னும் தளத்தைக் கூட்டுறவாகவே தொடங்கினார். அங்குப் படம் எடுப்போரே உடைமையாளர். பொது உரிமத்தில் விற்கும் படத்துக்குப் பாதி விலை படைப்பாளர்க்கு; விரிந்த உரிமத்துக்கு முக்கால் பங்கு என வகுத்தனர். படமும் அதே வகை, வாங்குவோரும் அதே வகை, தொடங்கியவரும் அவரே. மாறியது மரக்காலைப் பிடித்த கை ஒன்றே.

"இவையெல்லாம் சிறியன; பெருந்தளங்களோடு போட்டியிட வல்லனவோ?" என்று நகைப்பார் உளர். இங்கிலாந்தின் உராச்சுடேலில் 1844-இல் கூட்டுறவுக் கடை திறந்தோரையும் சிறியர் என்றே எண்ணினர். அக்கடையின் நெறியே பின்னர் உலகெங்கும் கூட்டுறவுகளுக்கு அடிப்படையாயிற்று. சிறுமை குற்றம் அன்று. பிறன் உடைமையாய் இருத்தலே குற்றம்.

"செலவுக்கு வழி?" என்பது அடுத்த வினா. நேரிய வினா, நேரே விடை சொல்லுதல் வேண்டும். வழங்கி ஓட மின்சாரம் வேண்டும். பழுது நீக்க ஆள் வேண்டும். இழிமொழியாளரை அகற்றக் காவலும் வேண்டும். மாசுட்டோடானில் விளம்பரப் பங்கும் கிடையாது. ஆகவே உறுப்பினர் கட்டணம் செலுத்தியே ஆகவேண்டும். படைப்பாளர்க்குச் சுவைஞர் நேரே கைகொடுத்தே ஆகவேண்டும். சோசியல் கோஆப் என்னும் மாசுட்டோடான் வழங்கி, உறுப்பினர் கட்டணத்தில் நடக்கும் கூட்டுறவாக இயங்கிக் காட்டுகின்றது. திறந்த கதவும் ஆளுக்கு ஓர் ஒப்போலையும் அங்கு ஒருங்கே கூடின. விலையின்றிக் கிடைக்கின்றது என்று பிறன் திண்ணையில் படுத்துக்கொண்டு, அவன் விளக்கணைக்கும்போது மட்டும் கூக்குரல் இடுவதில் பயன் என்ன? மாதம் ஒரு சிறுதொகையை மிச்சம் பிடித்தவன், வாழ்நாள் உழைப்பை ஈடு வைத்தான் என்பதன்றோ மெய்!

படைப்பாளர் இனியேனும் கண்விழித்தல் வேண்டும். ஆக்கியவற்றின் படியைத் தம் கையில் வைத்திருத்தல் வேண்டும். சுவைஞரின் மின்னஞ்சல் முகவரிகளை, அவர்தம் இசைவோடு, தாமே தொகுத்தல் வேண்டும். தம் பெயரில் தமக்கே உரிய வலைமுகவரி ஒன்றைப் பெறுதல் வேண்டும். பதின்மர் கூடினால் வழங்கி ஒன்றை நிறுவிப் பார்த்தல் வேண்டும். 'பரவலாக்கம்' என்று எவர் வந்து சொன்னாலும் மூன்றே வினா கேட்க: கதவு திறந்திருக்கின்றதா? கணக்கேடு திறந்திருக்கின்றதா? ஒப்போலை ஆளுக்கா, காசுக்கா? மூன்றுக்கும் நேரிய விடை தராதவன் புதிய ஆண்டையே அன்றித் தோழன் அல்லன்.

நிலம் கேட்டு ஆண்டையின் வாயிலில் நிற்பது போதும். உழுத கையே மரக்காலையும் பிடிக்கட்டும்!