தீப்பெட்டிச் சேவல் என்றால் இளப்பமா?

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற பேராசிரியர், ஒரு போடு போட்டார். "ஐரோப்பாவில் சிங்கம், கழுகு, சேவல் எல்லாம் வீரர்களின் கேடயத்தில் இருந்த சின்னங்கள். அதற்கு வரலாறு உண்டு. நம்ம சிவகாசி சேவல் மார்க், அணில் மார்க் எல்லாம் வெறும் வியாபாரப் படம் சார்!"

அங்கே வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே மூட முடியாது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சின் சேவல் எப்படி வந்தது தெரியுமா? அந்த நாட்டின் பழைய பெயர் கோல். லத்தீனில் 'கல்லுஸ்' என்றால் கோல் நாட்டான். சேவலுக்கும் அதே சொல்தான். ஒரு சிலேடை, அவ்வளவுதான். பிரான்சின் எதிரிகள் கேலிக்குக்கூட அதைப் பயன்படுத்தினார்கள். 1804இல் நெப்போலியன் சேவல் வேண்டாம் என்று தள்ளிவிட்டுக் கழுகை எடுத்துக்கொண்டார். 1830க்குப் பிறகு சேவல் திரும்பி வந்தது. இங்கிலாந்து அரசர்களின் கொடியில் மூன்று சிங்கங்கள். அந்த நாட்டுக் காட்டில் ஒரு சிங்கமாவது உண்டா?

12ஆம் நூற்றாண்டில் கேடயத்தில் படம் வரைந்தது எதற்கு? இரும்புக் கவசம் முகத்தை மூடிவிட்டால் நம் ஆள் யார், எதிராளி யார் என்று தெரிய வேண்டுமே! படித்தவன், படிக்காதவன் எல்லோருக்கும் பார்த்தவுடன் புரிய வேண்டும்.

காளீஸ்வரியின் சேவலும் ஸ்டாண்டர்டின் அணிலும் செய்தது வேறென்ன? எழுத்தறியாத பாட்டி, "சேவல் மார்க் குடுப்பா" என்று கேட்டால் கடைக்காரர் வேறு சரக்கைத் தலையில் கட்ட முடியாது. அவருக்கு அந்தப் படம்தான் காவல். அணிலும் சேவலும் அவர் வீட்டு முற்றத்திலேயே திரிந்தவை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணிலுக்கென்றே 1988இல் சரணாலயம் அமைத்தார்கள்.

வியாபாரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் காமராசர் பிறந்த ஊரில் இரட்டைக் காளையைப் பார்த்து ஓட்டுப் போட்டவர்களுக்கும் படம்தான் எழுத்து. அதையும் வெறும் படம் என்பாரா பேராசிரியர்?

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கலால் துறை எழுத்தராக நான் சிவகாசிக்கு வந்த புதிதில் தமிழ் வேகமாக வாசிக்க வராது. அரசாங்க உத்தியோகஸ்தன்; கடைக்காரரிடம் சொல்ல வெட்கம். விரலால் படத்தைக் காட்டித்தான் தீப்பெட்டி வாங்கினேன். அந்தப் படங்கள் என் மானத்தைக் காப்பாற்றின. இன்று பழைய லேபிள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போவதைப் பார்த்தால் மனம் கேட்கவில்லை.

'விருது' என்ற சொல்லுக்குக் கொடி, வெற்றிச் சின்னம் என்றும் பொருள். பல நாட்டு விருதுகளோடு சவால் விட்டு வந்த வீரனை உள்ளூர்க்காரர் ஒருவர் வென்றதால் வந்த பெயர் என்று இங்கே கதை சொல்வார்கள். விருதுப்பட்டி 1923இல் விருதுநகர் ஆனது. ஊரின் பெயரிலேயே சின்னத்தை வைத்துக்கொண்டு, சின்னத்துக்கு வரலாறு தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமா?

வரும் தீபாவளிக்குப் பெட்டியைக் கிழிக்கும் முன் அந்த அணிலை ஒரு நிமிடம் பாருங்கள். முடிந்தால் அந்த அட்டையை எடுத்து வையுங்கள்.