ஐ.ஈ.எல்.ரி.எஸ் தேவையில்லையாம்!

 

எந்த வட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரே விளம்பரம்தான்: "ஐ.ஈ.எல்.ரி.எஸ் இல்லாமல் லண்டனில் படிக்கலாம்." கீழே "விபரம் அனுப்புங்கோ" என்று கேட்கிறவர்களில் எங்கட தீவுப்பகுதி ஆட்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். யாருக்கும் கோபம் வந்தால் வரட்டும்.

இது முழுப் பொய் இல்லை, அரை உண்மை. பிரித்தானியாவில் பட்டப்படிப்புக்குப் போகிற மாணவனுக்கு வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு நான்கிலும் பீ2 தரம் வேண்டும். அதைப் பல்கலைக்கழகமே தன் சொந்த முறையில் பார்த்து உறுதிப்படுத்தவும் இடமிருக்கிறது. சோதனைதான் மாறலாம். ஆங்கிலம் வேண்டாமென்று எவனும் சொல்லவில்லை. ஏஜென்சிக்காரர் முதல் பாதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். பிள்ளை போய்ப் பதிந்தால் அவருக்குக் கொமிசன். முதல் தவணையில் பெயிலானால் அவருக்கென்ன?

அவுஸ்திரேலியா 2024 மார்ச்சில் மாணவர் விசாவுக்கான புள்ளியை 5.5 இலிருந்து 6.0 ஆக்கியது. அதே வருடம் யூலையில் விசாக் கட்டணம் 710 டொலரிலிருந்து 1600 ஆகி, 2025 யூலையில் 2000 ஆனது. விசா மறுத்தாலும் அந்தக் காசு திரும்பாது. அங்கே கதவை இறுக்குகிறார்கள், இங்கே "தேவையில்லை" என்கிறார்கள்.

"ஆங்கிலம் கேட்பதே அநியாயம்" என்று சிலர் வாதாடுகிறார்கள். விரிவுரை விளங்காத பிள்ளையிடம் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே விடுவதுதான் அநியாயம். 6.0 என்பது வாசற்படி மட்டும். கட்டுரை எழுதப் பழக்கும் உதவி வகுப்புகள் அங்கே பல இடங்களில் உண்டு. ஆனால் பிரித்தானியாவில் தவணைக் காலத்தில் அனுமதித்த வாரம் 20 மணித்தியால வேலையையும் ஊர்க் கடனுக்காக ஓடிச் செய்கிற பிள்ளை அந்த வகுப்புக்கு எப்போது போவான்?

வெளிநாட்டை விடுங்கோ. நெடுந்தீவில் தமிழில் உயர்தரம் படித்துவிட்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்கோ மருத்துவ பீடத்துக்கோ போகிற பிள்ளையும் அங்கே ஆங்கிலத்தில்தான் விரிவுரை கேட்க வேண்டும். மொழியைப் பொறுத்தவரை அவனும் ஒரு வெளிநாட்டு மாணவன்தான். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இருக்கிறது, ஆனால் இசட் புள்ளியில் சேராது. சேராதபடியால் பெற்றோரும் கேட்பதில்லை, பாடசாலையும் பதறுவதில்லை. ஆசிரியர் காலைப் படகில் வந்து பின்னேரப் படகுக்கு ஓட வேண்டும். கடல் கொந்தளித்தால் அன்றைக்குப் பாடமே இல்லை.

நாங்களோ புலம்பெயர் உறவுகளின் காசில் வளைவு கட்டுகிறோம். (வளைவுக்குப் பெயிண்ட் அடிக்க இன்னொரு நிதி சேர்ப்பு!) அந்தக் காசில் ஓர் ஆங்கில ஆசிரியரைத் தீவிலேயே தங்க வைத்து மாலை வகுப்பு நடத்தலாம். பள்ளிவாசல் நிர்வாகம் செய்தால் என்ன, கோயில் சபை செய்தால் என்ன, எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து படிக்கட்டும்.

எங்கட பிள்ளைகளுக்கு இன்னொரு மொழி ஏறாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மத்ரசாவில் ஆறு வயதுப் பிள்ளை அரபு எழுத்தைக் கூட்டி ஓதுகிறது. தினமும் நடக்கிறபடியால் வருகிறது. ஆங்கிலத்தை மட்டும் மூன்று மாதக் "கிராஷ் கோர்ஸில்" முடிக்கப் பார்க்கிறோம்.

ஏஜென்சிக்குக் காசு கட்டமுன் பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, உங்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கோ. திணறினால் காணி உறுதியை ஈடு வைக்காதீர்கள். அடுத்த இன்டேக் வரும், அதுவரைக்கும் படிக்கட்டும்.